அண்ணி நீக்கிய சீட்டாட்டம்

அண்ணிக்கு மேசையைத் துடைக்காவிட்டால் வேலை ஓடாது. மேசை முடிந்ததும் கம்ப்யூட்டருக்குள்ளும் அதே வேலைதான். வேண்டாததை எல்லாம் நீக்கிவிட்டுத்தான் ஒரு வாய் டீ குடிப்பாள்.

அப்பாவின் எம்பிராய்டரி பட்டறையில் முன்பு கம்ப்யூட்டர் நாற்காலி தம்பியுடையது. அவனுடைய கம்ப்யூட்டர் வைரஸ் புகுந்து அடிக்கடி படுத்துக்கொள்ளும். அண்ணி கல்யாணமாகி வந்த பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டாள். அன்றே தம்பி அப்பாவுக்குத் தெரியாமல் அதில் ஒரு சீட்டாட்டத்தை ஏற்றிக்கொண்டான். பிறகு அண்ணி, மெஷின் விற்றவர் பென் டிரைவில் கொடுத்த தையல் புரோகிராமை அதில் போட்டு ஓட வைத்தாள். அப்பாவுக்கு அரை மனசுதான்.

"ஒரு தடவை மெஷின் நின்னாலும் நாற்காலி சின்னவனுக்கே" என்றார்.

"சரி மாமா" என்றாள் அண்ணி, டீ வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

நிற்கத்தான் செய்தது. மருத்துவமனைச் சீருடைகளுக்குப் பெயர் தைக்கிற அவசர வேலை. நான் ஃப்ரேமில் துணியை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். அண்ணி புரோகிராமைத் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். ஊஹூம்.

தம்பிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "எழுந்துக்கிறீங்களா அண்ணி, இல்ல நாற்காலியோட தூக்கணுமா?"

"தூக்கிப் பாரு. உங்கண்ணனே முடியாதுன்னு விட்டுட்டார்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அப்பா முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அண்ணி கட்டளைகளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து புரோகிராமின் பெயரை அங்கே அடித்தாள். ஒரு லைப்ரரியின் பெயரைச் சொல்லி, அது கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. அண்ணி நெற்றியைத் தட்டிக்கொண்டாள்.

"தப்பு என்னோடது மாமா. காலைல இவன் போட்டு வச்சிருந்த சீட்டாட்டத்தை நீக்கினேன். அதோட வந்த லைப்ரரியும் போயிடுச்சு."

"லைப்ரரின்னா?"

"நம்ம கத்தரிக்கோல் மாதிரி மாமா. பல புரோகிராமும் எடுத்துக்கிற பொதுச் சாமான். சீட்டாட்டத்துக்காக வந்ததை நம்ம தையல் புரோகிராமும் எடுத்துக்கிட்டு இருந்திருக்கு. ஆனா தையல் புரோகிராம் நான் கையால போட்டது, லினக்ஸோட கணக்குல இல்ல. ஆட்டம் போனதும், இனி யாருக்கும் வேண்டாம்னு அது கத்தரிக்கோலைத் தூக்கிடுச்சு."

"கேட்காமலா?"

"கேட்டுச்சு. என்னென்ன போகும்னு காட்டி, சரியான்னு கேட்டுச்சு. நான் படிக்காம சரின்னுட்டேன்."

தம்பி துள்ளிக் குதித்தான். "அப்போ இத்தனை நாள் பட்டறையை ஓட்டினது என் சீட்டாட்டம்தான்!"

"இத்தனை நாள் ஆடிக்கிட்டுத்தான் இருந்தியா?" என்றார் அப்பா.

அதற்குள் அண்ணி அந்த லைப்ரரியைத் தனியாகப் பெயர் சொல்லி இன்ஸ்டால் செய்துவிட்டாள். புரோகிராம் திறந்தது. ஊசி தடதடவென்று இறங்க, முதல் பெயர் துணியில் ஏறியது.

"இனிமே இந்தத் துடைக்கிற வேலையே வேண்டாம்மா" என்றார் அப்பா.

"துடைக்கணும் மாமா, இல்லேன்னா குப்பை சேரும். இந்தத் தடவை லைப்ரரியை நானே கேட்டு வாங்கியிருக்கேன். ஆட்டம் போனாலும் அது போகாது. காட்டறேன்."

அந்தப் பெயர் தைத்து முடிந்ததும் சீட்டாட்டத்தை மறுபடி இன்ஸ்டால் செய்தாள். தம்பியின் முகம் மலர்ந்தது. உடனே அதை நீக்கும் கட்டளையை அடித்தாள். பட்டியல் வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தாள். அந்த லைப்ரரி அதில் இல்லை. அப்பா திரைக்குக் குனிந்து தானும் ஒரு முறை தேடினார். அண்ணி சரி என்று அடித்தாள். தையல் புரோகிராமை மூடினாள், திறந்தாள்.

திறந்தது.

அப்பா நிமிர்ந்தார். "என்னம்மா வேடிக்கை பார்த்துக்கிட்டு? அண்ணிக்கு அடுத்த துணியை மாட்டிக் கொடு" என்றார் என்னிடம். தம்பி பக்கம் திரும்பி, "நீ இங்க உட்கார்ந்து, தைச்சதை மடிச்சு வை" என்று ஒரு முக்காலியைக் காட்டினார்.