கையெழுத்துக்குப் பக்கத்தில் நாலாம் இலக்கம்

அந்த அமெரிக்கரை நான் முதலில் சந்தித்தது கனடாவில், பழைய மொன்றியலில் ஒரு கல்வீட்டில், பனி இன்னும் கரைந்து முடியாத ஓர் ஏப்ரலில். சந்தித்தது என்றால், சுவரில் மாட்டியிருந்த பலகையில் இரண்டே வரியாக. தன் நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து வைத்தவர்களில் ஒருவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு இங்கே வந்து, இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரரை இங்கிலாந்து அரசனுக்கு எதிராகத் தங்கள் பக்கம் சேரும்படி கேட்டு, வெறுங்கையோடு திரும்பிப் போனவர். என்னோடு வந்த வகுப்புத் தோழர்கள் பலகையைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் நின்றுவிட்டேன். தோற்றுப்போன தூதர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பற்று.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. பெயர் எழுதுவது அம்மாவுக்குப் பிடிக்காது. ஏனென்று பிறகு தெரியும்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அந்த அமெரிக்கரின் கதைதான். அம்மா ஒரு கார்டெரியின், குழந்தைகள் காப்பகத்தின், சமையலறையில் வேலை செய்கிறார்; நாள் முழுக்க ஐம்பது குழந்தைகளின் சத்தம் கேட்டுவிட்டு வந்து, என் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு லீக்ஸ் வெட்டுவார். நான் மேசையில் ஏறி உட்கார்ந்து சொல்வேன்: அவர் கத்தோலிக்கர், அவருடைய மாகாணத்தில் கத்தோலிக்கருக்கு வாக்கில்லை, பதவியில்லை, அதனால் சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் படிக்க அனுப்பினார்கள், அந்தப் பிரெஞ்சை நம்பித்தான் அவரை இங்கே அனுப்பினார்கள்.

"பேந்து ஏன் சனம் நம்பேல்லை?" என்றார் அம்மா.

"அவரை அனுப்பின அதே அமெரிக்கக் காங்கிரஸ் சபை, முதல்ல இங்கிலாந்துச் சனத்துக்கு ஒரு கடிதம் எழுதினதம்மா. அதில எங்கட கத்தோலிக்கச் சமயத்தைக் கண்டபடி திட்டியிருந்தவை. அந்தக் கடிதம் இஞ்சையும் வந்து சேர்ந்திட்டுது."

"அங்கை ஒரு கதை, இஞ்சை ஒரு கதை. ஆர் நம்புவினம்? உன்ர ஆள் பாவம்."

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் 'உன்ர ஆள்' ஆனார்.

மே மாதம் வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம் வந்தது. நாங்கள் இருப்பது நகரின் வடக்கே மொன்றியல்-நோரில், மூன்று மாடிக் கட்டடம், பன்னிரண்டு வீடுகள். பெரிய திருத்த வேலை செய்யப் போகிறார்களாம். எல்லோரும் வெளியேற வேண்டுமாம். வேலை முடிந்ததும் திரும்பி வரலாமாம். திரும்பி வரலாம் என்ற வரியை ஒருவரும் நம்பவில்லை. அடுத்த தெருவில் அப்படிப் போனவர்கள் திரும்பவில்லை. வாடகையாளர் சங்கத்தில் போய்க் கேட்டோம். தனித்தனியாக இருந்தால் ஒவ்வொருவராகப் பேசி வெளியே எடுத்துவிடுவார்கள், எல்லோரும் ஒரே கடிதத்தில் மறுத்துக் கையெழுத்து வையுங்கள் என்றார்கள்.

கடிதத்தைப் பிரெஞ்சில் நான்தான் எழுதினேன். வெள்ளிக்கிழமை பதிவுத்தபாலில் போக வேண்டும். கீழ்மாடியில் இருக்கும் ஹைட்டிக்காரர், பஸ் சாரதி, வீடு வீடாகக் கொண்டுபோனார். புதன்கிழமை ஏழு கையெழுத்து.

தமிழ் வீடுகள் நாலு. மூன்றாம் மாடியில் இரண்டு குழந்தைகளோடு இருக்கும் இளம்பெண் அகதி வழக்கின் விசாரணைக்குக் காத்திருக்கிறார். அவரைக் கேட்பதில்லை என்று முதலே முடிவெடுத்திருந்தோம். மற்ற இரண்டு வீட்டாரும், "அக்கா வைச்சா நாங்களும் வைக்கிறம்" என்றார்கள். அக்கா என்றது என் அம்மாவை. பத்தொன்பது வருடமாக இங்கே இருப்பவர். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில்.

அம்மா வைக்கவில்லை. நாளைக்கு என்றார். பிறகு, பேனை எழுதுதில்லை என்றார்.

அவரை உசுப்பிவிட வேண்டும் என்று நினைத்து, புதன்கிழமை பின்னேரம் என்னிடமிருந்த சிறந்த கதையை எடுத்துவிட்டேன். பிரகடனத்தில் கையெழுத்து வைப்பது ராஜத்துரோகம், பிடிபட்டால் தூக்கு. 'உன்ர ஆள்' தன் பெயரை எழுதியதும் பக்கத்தில் நின்ற ஒருவர் பகிடியாகச் சொன்னாராம்: "உனக்கென்ன பயம், உன் பெயரில் இன்னும் பல பேர் இருக்கிறார்களே, அரசன் எவரை என்று தூக்குவான்?" உடனே அவர் பேனையைத் திரும்ப எடுத்து, பெயருக்குப் பக்கத்தில் தன் பண்ணையின் பெயரையும் எழுதினாராம்.

அம்மா கத்தியை வைத்தார். "அரசன் தேடி வாறதுக்கு விலாசமும் குடுத்தவரோ?"

"ஓம்."

"விசரன்."

பிறகு, என்னைப் பார்க்காமல், மன்னாரில் வீட்டுக்கு வீடு பட்டியல் கொடுக்க வேண்டியிருந்த காலத்தைப் பற்றிச் சொன்னார். யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதி இலங்கை ராணுவத்திடம் கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டுப் பட்டியலை எழுதியது அம்மா. வகுப்பில் அவருடைய கையெழுத்துத்தான் அழகு. தன் தம்பியின் பெயரையும் அழகாக எழுதினார். ஒரு காலை அந்தத் தாளோடு வந்து, பெயரை வாசித்து, தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"நான் எழுதின எழுத்தைப் பாத்துத்தான் வாசிச்சவங்கள்," என்றார். அவ்வளவுதான். திரும்ப வெட்டத் தொடங்கினார்.

மாமாவின் படம் எங்கள் சுவரில் எப்போதும் இருந்தது. அந்தத் தாளைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தேடி வருவார்கள் என்று பயந்திருப்பவரிடம் போய், தேடி வரச் சொன்ன மனிதனின் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை என் பகுதிநேர வேலைக்குப் போகாமல் மெற்றோ பிடித்து நூலகத்துக்குப் போனேன். அந்த அமெரிக்கரின் வாழ்க்கையைப் பற்றிய தடித்த புத்தகத்தை அன்றுதான் ஒழுங்காக வாசித்தேன். பலகைகளையும் இணையத்துத் துணுக்குகளையும் வைத்துக்கொண்டு எவ்வளவு கதை விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அந்தப் பகிடியை யாரும் சொல்லவில்லை. அவருக்கும் தகப்பனுக்கும் பாட்டனுக்கும் ஒரே பெயர். உறவிலும் அதே பெயரில் வேறு சிலர். ஆள் மாறிவிடக்கூடாது என்பதற்காகப் பல வருடமாகவே பண்ணையின் பெயரைச் சேர்த்துத்தான் கையெழுத்து வைத்துவந்தார். வீரம் ஒன்றும் இல்லை, வெறும் பழக்கம்.

இன்னொன்றும் இருந்தது. அவருடைய நிலங்களில் நூற்றுக்கணக்கான அடிமைகள். அடிமைமுறை தீமை என்று சொன்னார், பெரும்பாலானோரை விடுவிக்கவில்லை. கையெழுத்திட்டவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் என்று நாடே கொண்டாட, தொண்ணூற்றைந்து வயதுவரை இருந்தார். அடிமையாக இருந்த அந்த மனிதர்களின் பெயர்களும் தாளில் இருக்கின்றன, கையெழுத்தாக அல்ல, இன்னொருவர் எழுதிய பட்டியலாக. அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடினேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் நின்றபடி வந்தேன். வந்து பார்த்தால் கடிதம் மேசையில் இருந்தது. எட்டாவது கையெழுத்து, அம்மாவுடையது. அழகான எழுத்து. அதற்குப் பக்கத்தில், அதே எழுத்தில், 'இலக்கம் 4'. மற்ற யாரும் வீட்டிலக்கம் எழுதவில்லை.

"அம்மா, அது பொய்க்கதை. அவர் அரசனுக்குப் பயமில்லை எண்டு காட்ட எழுதேல்லை. அதே பேரில வேற ஆக்கள் இருந்தபடியாத்தான் எழுதினவர். நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"அதுக்குத்தானே நானும் எழுதினனான்," என்றார் அம்மா.

எனக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. மூன்றாம் மாடிப் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் ஒரே பெயர். இருவருக்கும் ஒரே புனிதையின் பெயரில் ஞானஸ்நானம். கனடாவுக்கு வந்தபோது 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல இருவரும் தகப்பனின் பெயரை எழுதினார்கள். அந்தத் தகப்பன்மாருக்கும் ஒரே புனிதரின் பெயர். அம்மாவின் ஆஸ்பத்திரிக் கடிதம் மேலே போகும். அந்தப் பெண்ணின் பிள்ளைகளுடைய கார்டெரிக் கடிதம் எங்கள் பெட்டியில் விழும். மாடிப்படியில் மாற்றிக்கொள்வார்கள்.

"பேரை மட்டும் வைச்சா அவள்தான் வைச்சவள் எண்டு நினைப்பாங்கள். வழக்கு நடக்கிற பிள்ளை. அவளிட்டை ஒருத்தரும் போகக்கூடாது."

"உங்களிட்டை வருவாங்களே அம்மா."

"வரட்டும். நான் எழுதின எழுத்துக்கு இந்தமுறை என்னட்டை வரட்டும்."

மற்ற இரண்டு தமிழ் வீடுகளும் அன்றே வைத்தார்கள். பத்துக் கையெழுத்தோடு கடிதம் போனது.

அடுத்த வாரம், சனிக்கிழமை காலை, வீட்டுச் சொந்தக்காரரின் ஆள் ஒருவர் கோப்போடு வந்தார். நான் கூடத்தில் இருந்தேன். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடிக்கு ஏறவில்லை. எங்கள் கதவுக்கு முன்னால் நின்றது.

நான் எழும்பினேன். "நீ இரு," என்றார் அம்மா. கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவை முழுதாகத் திறந்தார். வந்தவர் தாளைப் பார்த்து அம்மாவின் பெயரை வாசித்தார், பிழையான உச்சரிப்பில்.

"பொன்ஜூர்," என்றார் அம்மா. "ஓம், நான்தான்." பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னார்.