அக்காவின் நாடா டப்பா

பன்னிரண்டு வருஷமாக எனக்கு ஒரு குறை. ஊரே அக்கா என்று கூப்பிடுகிறவரின் தையற்கடையில் துணி வெட்டுகிற ஆள் நான். இதுவரை ஒரு அளவைக்கூட அவர் எண்ணாக என்னிடம் சொன்னதில்லை. ஒரு நாடாவைத்தான் நீட்டுவார். தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று. அதைத் துணிமேல் வைத்து வெட்ட வேண்டும். "நாடாமேல டேப்ப வச்சுப் பாத்தீங்க, மாஸ்டர், கத்திரியப் புடுங்கிருவேன்." எந்தக் கடையில் ஐயா நடக்கும் இந்தக் கூத்து?

வருகிற பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நாடா, ஒரு நிறம். பிஸ்கட் டப்பாவில் சுருட்டிப் போட்டிருப்பார். உடம்பு ஏறினால் பழைய முடிச்சை அவிழ்த்துத் தள்ளிப் போடுவார், இறங்கினாலும் அப்படியே. முகம் ஒன்றும் காட்டாது. "எவ்ளோக்கா கூடியிருக்கு?" என்று யாராவது விடாமல் கேட்டால், "நம்மளச் செஞ்சவரு டேப்பு வச்சுக்கிட்டா செஞ்சாரு? திரும்பி நில்லு" என்பார். அளவெடுக்குமுன் கண்ணை மூடி உதட்டுக்குள் சின்னதாக ஒரு ஜெபம். துணிக்கா, ஆளுக்கா என்று கேட்டேன். "உங்க கத்திரிக்கு" என்றார்.

அவருக்குப் பதினேழு வயதில், ஒரு தையற்கடையில் அளவெடுத்தவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ணைக் கத்தியிருக்கிறான். காத்திருந்தவர்கள் சிரித்தார்களாம். மூன்று வருஷம் அக்கா சர்ச் பக்கமே போகவில்லையாம். இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய கடையில் நானும் அப்படிக் கத்திய ஆள்தான்.

கத்தின வாய் சும்மா இருக்குமா? போன வருஷம் சர்ச் பாடகர் குழுவுக்கு வெள்ளைக் கவுன் தைக்க வந்தது. என் மகளும் குழுவில் பாடுகிறவள். "உனக்கு மட்டும் ரெண்டு ஆளு துணி வேணும்டி" என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பாட்டும் இல்லை, ஒழுங்கான சாப்பாடும் இல்லை. பத்தாம் நாள் அக்கா அவளைக் கடைக்குக் கூப்பிட்டார். "மாஸ்டர், நீங்க வெளிய போங்க." அரை மணி நேரம் நடைபாதையில் நின்றேன். உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. கதவைத் திறந்த மகள் மஞ்சள் நாடாவை நீட்டினாள். "ஒழுங்கா வெட்டுங்கப்பா." மூன்று தடவை நாடாவை வைத்துப் பார்த்து நான் வெட்டிய ஒரே துணி அதுதான். அந்த ஞாயிறு முன்வரிசையில் நின்று பாடினாள். ராத்திரி இரண்டாம் தடவை சோறு கேட்டாள். இந்தக் கடனை நான் எந்த வாயால் சொல்ல?

டப்பாவில் அக்காவுக்கு மட்டும் நாடா கிடையாது. நாலு வருஷத்துக்கு முன் ஆபரேஷனில் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். முன்வரிசையில் நின்று பாடினவர், அதற்கப்புறம் தொளதொள அங்கி, மேலே சால்வை, சர்ச்சில் கடைசி பெஞ்சு. ஊருக்குச் சொன்னது தனக்கு ஆகவில்லை. என் மகள் பாடி முடித்ததும் போய் அந்தப் பெஞ்சில்தான் உட்காருவாள். போன வாரம் கேட்டே விட்டாள்: "அத்தை, உங்க நாடா என்ன கலரு?" அக்கா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

நேற்றுக் கடை பூட்டும்போது சுருளிலிருந்து ஒரு நீல நாடாவை நறுக்கி என் கையில் வைத்தார். ஒரு முடிச்சும் இல்லை.

"நாளைக்கு உங்க பொண்ண இதோட அனுப்பி வைங்க, மாஸ்டர். எனக்கு அளவெடுக்கணும்."