குழாயின் உள்விளிம்பு

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய காலம். செல்லூரில் ஒரு சாயப்பட்டறையில் பரண்மேல் இருந்த இரும்புத் தொட்டி நிரம்பி வழிந்து, கீழே அடுக்கியிருந்த நூலைப் பாழாக்கிவிட்டது. தண்ணீர் நிறைந்தால் தானே மூடிக்கொள்ளும் மிதவை வால்வு ஒன்றைப் பொருத்தித் தரச் சொல்லி முதலாளி எங்களைக் கூப்பிட்டார். எங்களை என்றால் என்னையும், என்னோடு வேலை பார்த்த ஒருவனையும். என்னைவிட இளையவன்; ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன். எனக்குப் பொறுமை கிடையாது, அவனுக்கு அது நிறைய உண்டு. அதனால் சண்டையில்லாமல் காலம் ஓடியது.

செம்புக் குழாயை அறுப்பது பெரிய வித்தை இல்லை. அறுக்கும் இடத்தில் காகிதத்தைச் சுற்றி, அதன் ஓரத்திலேயே ரம்பத்தை ஓட்டினால் வெட்டு கோணாது. வம்பெல்லாம் அதற்குப் பிறகுதான். அறுத்த வாயில் உள்ளும் புறமும் பிசிறு நிற்கும். வெளிப்பிசிறு கண்ணுக்குத் தெரியும்; அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும். உள்பிசிறை வட்ட அரத்தால் சுரண்டிவிட்டு, விரலை விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு துணுக்கு உதிர்ந்து சிக்கினாலும் வால்வு மூடாது, நூல் மறுபடி நனையும். விரல் விட்டுப் பார்ப்பது எப்போதும் அவன் வேலை. அவன் சரி என்றால் நான் மறுபேச்சில்லாமல் மாட்டிவிடுவேன்.

அன்றும் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினான்.

"வழுவழுன்னு இருக்குண்ணே. மாட்டிரலாம்."

வாங்கினேன். குழாயின் வாய் ஈரமாக இருந்தது. எண்ணெய் என்று நினைத்தேன், ரத்தம். அவன் விரல் நுனி கிழிந்து வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவனோ அடுத்த குழாய்க்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கையைப் பாருடா," என்றேன். எரிச்சலாகத்தான் சொன்னேன்.

பார்த்தான். உதறவில்லை, முகம் சுளிக்கவில்லை. மெதுவாக விரலை மடக்கிக்கொண்டான்.

"எப்பருந்து இப்பிடி?"

"ஆடியிலருந்து மரத்துப் போயிருக்குண்ணே. முழங்கைகிட்ட வெளுப்பா ஒரு படை. தேமல்னு நெனச்சேன்."

பெருவியாதி, குஷ்டம் என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் முதலில் வேலை போகும், அப்புறம் வீடு போகும். அப்படி வீடு போனவர்களைக் கோயில் வாசலில் தினமும் கடந்துதான் நாங்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது. என் கையை வேட்டியில் துடைத்தேன். அவன் அதைக் கவனித்தான்.

உள்விளிம்பை நானே மறுபடி சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தண்ணீர் விட்டு அலசினேன். மாட்டினோம். தொட்டி நிரம்பியதும் மிதவை எழுந்தது, தண்ணீர் நின்றது. முதலாளிக்குப் பரம திருப்தி.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு என்று வழியில் சொன்னேன். "போறேண்ணே," என்றான். ஆற்றுப் பாலத்தில் நின்றுவிட்டான்.

"வீட்டுக்குள்ள நுழஞ்சதும் பாப்பா ஓடியாந்து கையை நீட்டும்ணே. இன்னைக்குத் தூக்கவா, வேணாமா?"

எதற்கும் வெடுக்கென்று பதில் சொல்லிப் பழகியவன் நான். அன்று அவன் மடக்கி வைத்திருந்த விரலைத்தான் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு பாலத்துச் சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டான்.