வால் உடையாத சிங்கம்

அப்பாவின் கம்பு பியின்கடோ என்ற பர்மா இரும்பு மரத்தில் செதுக்கியது. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குக் கடலை எண்ணெய் தேய்த்து, தாகேதாவில் எங்கள் வீட்டு வாசலில் வெயிலுக்குச் சாய்த்து வைப்பார். "பெத்த புள்ள தல காஞ்சு கெடக்கு, கம்புக்கு மட்டும் எண்ணெ" என்று அம்மா சொல்லிக் காட்டுவாள். அந்தக் கம்பு எலும்பை முறித்த சத்தத்தை ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். பச்சை மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் மாடி வராந்தாவில் நின்றிருந்த எனக்கே கேட்டது.

அப்பா பல்கலைக்கழகத்தின் வாசல் காக்கும் டர்வான். இருபத்தாறு வருடம் அந்தக் கேட்டைத் திறந்து மூடியவர். சுவரேறிக் குதிக்கும் பையன்களைக் கெண்டைக்காலில் அடிப்பார். "என் கம்பு பட்டவன் பாதிப் பேரு இன்னைக்கு டாக்டரு. பட்ட எடத்துல இருந்துதான் படிப்பு மேல ஏறுச்சு" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்வார். வீட்டிலும் அதே கம்புதான். பள்ளிக்குப் போகாமல் தடிங்ஜு திருவிழா விளக்குகளைப் பார்க்க ஓடிய நாளில் என் தொடையில் விழுந்த கோடு ஒரு மாதம் நீலமாக இருந்தது. அடித்துவிட்டு அவரே மஞ்சள் அரைத்துப் போட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றும் தெரியவில்லை.

கேட்டைத் தவிர அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவது. எங்கள் ஊருக்கு இலையுதிர்காலம் கிடையாது. மழை நின்று, சுவர்ப் பாசி காயத் தொடங்கும்போது பலகை நிறைந்துவிடும். ஆசிரியர்களை மண்டியிட்டு வணங்கும் நாள், விடிய விடிய புத்தருக்குக் காவித் துணி நெய்யும் போட்டி, இரத்த தானம், புதுமுக மாணவர் வரவேற்பு, துறைகளுக்கிடையே கால்பந்து என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார். பர்மிய எழுத்தும் அவருக்குத் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. ஆனால் ஒரு தாளைக்கூடத் தலைகீழாக ஒட்டியதில்லை. கீழே வலது மூலையில் ஊதா நிற முத்திரை இருக்கும். வட்டத்துக்குள் வால் தூக்கிய சிங்கம். அதுதான் அவர் படித்த ஒரே எழுத்து. சிங்கம் இருந்தால் தாள் இருக்கும், இல்லையென்றால் கிழித்துவிடுவார்.

தேதி முடிந்த தாள்களை ஈரம் காட்டி உரித்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா அவற்றைத் தைத்து நோட்டாக்குவாள். நான் எழுதப் பழகியது போன வருட அறிவிப்புகளின் முதுகில். எழுதிச் சலித்தால் திருப்பி முன்பக்கத்தைப் படிப்பேன். பள்ளியில் மற்றவர்கள் கதை படித்த வயதில், நடந்து முடிந்த விழாக்களையும் போட்டிகளையும் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிங்கத்தையும் பார்த்துப் பார்த்து வரைவேன். அப்பா கட்டைவிரலால் தடவி, "நெசம் மாதிரியே இருக்குடி பாப்பா" என்பார்.

இடம் கிடைத்து அதே பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு முந்தின நாள் அவரிடம் ஒன்று கேட்டேன். "கேட்ல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா." அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தினமும் மற்றவர்களைப் போலவே என்னையும் நிறுத்தி அட்டையைக் கேட்டார். ஒரு வித்தியாசம்தான். என் அட்டையை மட்டும் திருப்பித் தரக் கொஞ்சம் நேரமாகும். அதில் என் புகைப்படம் இருந்தது. பின்னால் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் தீபாவளி தடிங்ஜு விடுமுறையை ஒட்டி வந்தது. தமிழ் மாணவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒரு மாலை முழுக்க அகல் ஏற்றி, எல்லோருக்கும் முறுக்கு கொடுக்க வேண்டும் என்று ஆசை. அலுவலகத்தில் இருந்த சயாமா, அதாவது டீச்சரம்மா, நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, இந்த வருடம் இடமில்லை, விடுமுறை முடிந்து வா என்றார். விடுமுறை முடிந்தால் தீபாவளியும் முடிந்துவிடும். சின்ன வயதிலிருந்து அந்தப் பட்டியலைப் படித்து வளர்ந்தவளுக்கு அதில் இடமில்லையா என்று எனக்குக் கோபம் வந்தது.

அறிவிப்பை நானே எழுதினேன். மேலே பர்மிய மொழியில், கீழே தமிழில். வலது மூலையில் ஊதா மையால் சிங்கத்தையும் வரைந்தேன். அப்பாவிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், கேட்டில் தெரியாதவளாக இருப்பவள் வீட்டில் உதவி கேட்டதாக ஆகியிருக்கும். அதைவிட ஏமாற்றுவது எளிதாக இருந்தது. ஒட்டுவதற்கும் நான் போகவில்லை. கியாக்தானிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த மூன்றாம் ஆண்டுத் தமிழ் அண்ணன் ஒருவரிடம் கொடுத்து, "ஆபீஸ்ல முத்திரை வாங்கிட்டேண்ணே" என்றேன். அவர் நம்பினார். "கெட்டிக்காரிடி நீ, எனக்குன்னா அந்தச் சயாமா நாற்காலியக்கூட காட்டாது" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். நான் மாடி ஏறி நின்று வேடிக்கை பார்த்தேன்.

அண்ணன் தாளை ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார். அப்பா பசை வாளியோடு வந்தார். குனிந்து மூலையைப் பார்த்தார். கட்டைவிரலை வைத்துத் தடவினார். அப்புறம் தாளை அடியிலிருந்து மேலாக ஒரே இழுப்பில் கிழித்தார். அண்ணன் ஏதோ சொல்லி அவர் கையிலிருந்த தாளைக் காட்டினார். அப்பா கம்பை ஓங்கினார். தலையைக் காக்க அண்ணன் வலது கையைத் தூக்கினார். அந்தச் சத்தம் அப்போதுதான் கேட்டது. கை மணிக்கட்டில் மடங்கி, கையே இல்லாதது போலத் தொங்கியது. அவர் கத்தக்கூட இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

கால்பந்துப் பயிற்சியில் இருந்த பையன்கள் பூட்ஸோடு ஓடி வந்தார்கள். ஆறேழு பேர். கம்பைப் பிடுங்கினார்கள். "கலா! எங்க பையனையா அடிச்சே?" என்று பர்மியில் ஒருவன் கத்தினான். கலா என்பது இந்திய வம்சத்தவரை இழிவாகச் சொல்வது. அடிபட்டவரும் அவர்கள் வாயில் அதே கலாதான் என்பது அப்போது யாருக்கும் நினைவில்லை. அப்பாவைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தார்கள். பசை வாளியைத் தலையில் கவிழ்த்தார்கள். அவருடைய கம்பாலேயே அவர் இடது காதில் அடித்தார்கள். வெள்ளைப் பசைக்குள்ளிருந்து இரத்தம் மெல்ல வெளியே வந்தது. அடி விழுந்த நேரம் முழுக்க அவருடைய ஒரு கை இடுப்பு முடிச்சைப் பொத்திக்கொண்டிருந்தது. மானத்துக்காக லோன்ஜிக் கைலியைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

படியில் ஆறு படி இறங்கினேன். ஏழாவது படியில் கால் வரவில்லை. பக்கத்தில் நின்ற தோழி என் முகத்தைப் பார்த்து, "உனக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டாள்.

"கேட்ல நிக்கிறவர்" என்றேன்.

விசாரணையில் அப்பா ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். "தாள்ல முத்திரையே இல்ல சயா. அதான் கிழிச்சேன்." கிழித்த தாள் எங்கே என்றதற்கு, குப்பையோடு போய்விட்டது என்றிருக்கிறார். முத்திரையில்லாத தாளுக்காக ஒரு மாணவனின் கையை ஒடித்தவர் என்று எழுதி வேலையை விட்டு அனுப்பினார்கள். கம்பை அலுவலகம் வைத்துக்கொண்டது. பொய் முத்திரை என்று அவர் சொல்லியிருந்தால் அவருடைய வேலை ஒருவேளை தப்பியிருக்கும். போட்டது யார் என்று தேடியிருப்பார்கள். என் படிப்பு போயிருக்கும்.

கட்டுப்போட்ட தலையோடு வீட்டுக்கு வந்தவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். கையால் ஓர் அறை. உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. "முத்திர போட்டதுக்கு இல்ல இது. எங்கிட்ட கேக்கல பாத்தியா, அதுக்கு" என்றார். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு தாளை எடுத்தார். பசையும் இரத்தமும் காய்ந்து அப்பளம் போல இருந்தது.

"ஆபீஸ் முத்திரைல வாலு ஒடைஞ்சு நாலு வருசமாச்சு. ரப்பரு தேஞ்சு போச்சு. இதுல வாலு முழுசா இருக்கு. முழு வாலு இப்ப உன் பழைய நோட்டுல மட்டுந்தான் இருக்கு."

"அப்ப ஏம்ப்பா அவர அடிச்சீங்க?"

"உன்னய ஏமாத்தி போட வெச்சவன்னு நெனச்சேன்." பின் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "பின்னாடி வெள்ளையாத்தான் இருக்கு. எழுதிக்கோ."

அந்த வருடம் கியாக்தான் அண்ணனால் தேர்வு எழுத முடியவில்லை. திரும்பி வரவும் இல்லை. தாளை யார் கொடுத்தது என்று கேட்டபோதும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. ஒருமுறை கியாக்தானுக்குப் போனேன். ஆற்று நடுவே இருக்கும் பகோடாவுக்குப் போகும் படகுத்துறையில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். இடது கையால். வலது கை மடியில் கிடந்தது. வரிசையில் என் முறை வருவதற்கு முன்பே விலகி, பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது அதே பல்கலைக்கழகத்தில், மாணவர் நிகழ்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புது முத்திரை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கேட்டில் டர்வான் இல்லை, பட்டாளத்துத் துப்பாக்கிக்காரர்கள் பையைத் திறந்து பார்க்கிறார்கள். எல்லா நிகழ்ச்சியும் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்தாக வேண்டும். தடிங்ஜுவுக்கு யாரும் வெடி கொளுத்துவதில்லை. வெடிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்த பிள்ளைகள் இப்போது தரையில் படுத்துக்கொள்கிறார்கள். அப்படியும் பட்டியல் வருகிறது. இந்த வருடம் அதில் ஏழாவதாகத் தீபாவளி விளக்கு, பொழுது சாயுமுன்பே ஏற்றி முடிப்பது. கேட்டு வந்த இரண்டு பெண்களிடம் ஒன்றும் விசாரிக்காமல் முத்திரையைக் குத்தினேன். மேசை அதிர்ந்தது.

பழைய பலகை வேண்டுமென்று கிட்டங்கியைத் திறந்தபோது, உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் கம்பு கிடந்தது. கறையான் மற்ற மரத்தையெல்லாம் தின்றிருந்தது, அதைத் தொடவில்லை. எண்ணெய் காணாமல் வெளுத்திருந்தது. யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அன்று மாலை அதையும் அறிவிப்பின் ஒரு பிரதியையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பா கம்பைப் பார்த்தார், தொடவில்லை. தாளை வாங்கி, காது கேட்கும் பக்கத்தை என்னிடம் திருப்பி, கட்டைவிரலால் மூலையைத் தடவினார். "வாலு வந்துருச்சு" என்றார். அப்புறம், "அந்தக் கியாக்தான் தம்பிக்கு ஒண்ணு குடுத்தியா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை.

நாளை காலை கியாக்தான் பஸ். தாளோடு கம்பையும் எடுத்துப் போகிறேன். முதலில் கம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, பிறகுதான் முத்திரை யார் போட்டது என்று சொல்லப்போகிறேன். இடது கையாலும் அவர் நன்றாகவே பிடிப்பார்.