காத்தாடி விமானத்துக்காக ஒரு ஜெபம்

ஆம்பூரில் இன்று சர்ச் வாசலிலேயே மேரி ஆன்ட்டி பிடித்துக்கொண்டார்.

“பைலட் ஆயிட்டியாமே! ஜெட்டா?”

“இல்ல ஆன்ட்டி. றெக்கையில காத்தாடி சுத்துமே, அந்தச் சின்ன விமானம்.”

“ஐயோ, ஜெட் கெடைக்கலியா?”

சின்ன ஊர்களுக்கு நாள் முழுக்க விமானத்தை ஏற்றி இறக்கினால் கை சீக்கிரம் பழகும் என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. நேற்றும் நாள் முழுக்க அப்படித்தான் ஓட்டியிருந்தேன்.

ஆராதனையில் போதகர் என்னை முன்னால் அழைத்துத் தலையில் கைவைத்தார். ஆன்ட்டி சொல்லியிருக்கிறார்.

“ஆண்டவரே, உம்முடைய மகளை இந்தக் காத்தாடியிலிருந்து விடுவித்தருளும்.”

சபையே “ஆமென்” என்றது. அசதியில் நானும் சொல்லிவிட்டேன்.

நாளைக் காலை அதே காத்தாடியில்தான் பறக்கிறேன். ஆமென் சொன்னவர்கள் இதைப் படித்தால், “தரையிறங்கிய பிறகு” என்று சேர்த்து இன்னொரு முறை ஜெபித்துவிடுங்கள்.