பூண்டிக்குப் போகாத பியட்

பெரியநாயகசாமி அண்ணனைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். பிடிவாதக்காரர் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் நான். வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பது என் தொழில். அவருடைய பியட் காரில் ஓடும் ஒவ்வொரு வயரும் நான் இழுத்தது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி அமலி அக்கா கன்னியர் பள்ளியில் தையல் டீச்சர். ஒரே பையன் ஆன்டோ. கம்ப்யூட்டர் படித்தவர்களை அமெரிக்காக்காரன் அள்ளிக்கொண்டு போன தொண்ணூற்றெட்டில் அவனும் நியூஜெர்சிக்குப் போனான். பையனுக்கு வேலை கிடைத்தால் பூண்டி மாதா கோயிலுக்கு வந்து பூசை காண்பதாக அக்கா நேர்ந்துகொண்டிருந்தார். வேலை கிடைத்தது. பூண்டிக்குப் போவதற்குள் அக்காவைப் பக்கவாதம் அடித்துவிட்டது.

இடது கையும் காலும் போயின. பேச்சு மட்டும் பிழைத்தது, கூடவே கேலியும் பிழைத்தது. ஒரு தடவை கும்பகோணத்துக்கு டாக்டரிடம் அழைத்துப் போக ஆட்டோவில் ஏற்றினோம். இரண்டு ஆண்கள் தூக்க வேண்டியிருந்தது, அதில் ஒருவன் நான். நடுத்தெருவில் புடவை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அக்காவின் நல்ல கை என் கழுத்தைப் பிடித்திருந்தது, புடவையை இழுத்துவிட முடியவில்லை. வீடு திரும்பியதும் அக்கா அழவில்லை.

"இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. நானா ஏறி, நானா எறங்குற அன்னைக்குத்தான் வாசலத் தாண்டுவேன்" என்றார்.

சொன்னபடியே இருந்தார். டாக்டர் வீட்டுக்கு வந்தார். மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை பங்குச் சாமியார் பைக்கில் வந்து பூசையின் நன்மை அப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு தெரு தள்ளி இருக்கும் கோயில் மணிச் சத்தம் மட்டும் அக்காவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அண்ணன் காரோடு வந்தார். நன்னிலம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டுக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வைக்கோல் கொட்டகையில் விட்டுப்போனது அறுபத்திரண்டாம் வருஷத்து பியட். பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து கொல்லைப் பக்கம் தகரக் கூரை போட்டு நிறுத்தினார்.

"எதுக்குண்ணே இந்த எலும்புக்கூடு? மாருதி ஒண்ணு வாங்குனா முடிஞ்சிச்சு" என்றேன்.

"மாருதியில கைய வைக்க எடமே இல்லடா செழியா. இதுன்னா நான் நெனச்சபடி வெட்டலாம், ஒட்டலாம்."

வெட்டினார், ஒட்டினார். ஒன்றரை வருஷம். இஞ்சினைக் கழற்றிப் பாயில் பரப்பி ஒவ்வொரு சாமானாக மண்ணெண்ணெயில் கழுவினார். துரு தின்ற தரையை வெட்டிவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்தார். டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டினோம். "அம்மாவுக்கு வேர்க்கும், ஏசி போடுங்கப்பா" என்று ஆன்டோ போனில் சொன்னான். அடிபட்ட ஒரு காரிலிருந்து ஏசியைக் கழற்றி, நாற்பது வயதுக் காருக்குள் நுழைத்தோம். எனக்கு முதுகு விட்டுப்போனது.

ஆனால் காரின் உயிர் அந்த முன்சீட்டுதான். பழைய நீள சீட்டை எடுத்துவிட்டு அக்காவுக்கென்று தனியாக ஒன்று செய்தார். பவர் டில்லர் பேரிங் ஒன்றை அடியில் வைத்து, சீட் ஒரு சாண் பின்னால் நகர்ந்து, பிறகு வாசல் பக்கமாக முழுக்கத் திரும்பும்படி அமைத்தார். சக்கர நாற்காலியிலிருந்து அக்கா ஒரு கையை ஊன்றி அதில் மாறி உட்கார்ந்தால் போதும். நல்ல காலால் உந்தினால் சீட் தானாக உள்ளே திரும்பும். முழங்காலிலிருந்து குதிகால் வரைக்கும் டேப் வைத்து அளந்தார். தையல் டீச்சர் சும்மா இருப்பாரா?

"கல்யாணத்துக்கு ஜாக்கெட் துணிகூட அளவு கேக்காம வாங்கியாந்த மனுஷன், இப்ப வந்து அளவெடுக்குறாரு பாரு."

காரில் பூட்டும் முன்பு அந்த சீட்டைக் கூடத்தில் ஒரு பலகைமேல் வைத்தார். அக்கா அதில் பத்து நாள் பழகினார். முதல் நாள் பாதியில் நின்றது. ஐந்தாம் நாள் யார் கையும் படாமல் உட்கார்ந்து, திரும்பி, மறுபடி எழுந்து நாற்காலிக்கு மாறினார். நான் கை தட்டினேன். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்று நவம்பரில் கார் தயார். வெள்ளைப் பெயிண்ட், புது டயர், ஏசி ஜில்லென்று இருந்தது. அண்ணன் அதைக் கொல்லையிலிருந்து வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினார். அங்கேயே நிறுத்திவிட்டார்.

காரணம் டிப்போவில் இருந்தது. புது பஸ் வந்தால் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, பூசை முடிந்துதான் ஆள் ஏற்றுவார்கள். ஒரு தடவை அவசரத்துக்கு இவர் கையெழுத்தில் பூசை போடாமல் ஒரு பஸ்ஸை அனுப்பி, அது முதல் நடையிலேயே வாய்க்காலில் இறங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் இவர் மனதில் அது ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தின் இடத்தில் சாமியாரின் தீர்த்தத்தை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காத வண்டியில் அமலி ஏறக் கூடாது. மந்திரிப்பது பூண்டியில்தான். பூண்டிவரை வெறும் வண்டியை ஓட்டிப்போய், திரும்பி வந்து அம்மாவை ஏற்றி முதல் நடை விடுவது, யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆன்டோதான். இந்தச் சட்டத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவரே போட்டுக்கொண்டார்.

ஆன்டோ கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தான். அந்த வருஷம் அங்கே நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து, கம்பெனிகள் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. ஊருக்கு வந்தால் விசாவில் முத்திரை குத்தித் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்தான். ஈஸ்டருக்கு என்றான். பிறகு மே மாதத் திருவிழாவுக்கு என்றான். அவனைத் திட்டித் தீர்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அவன் பயம் நிஜம்.

அண்ணன் தினமும் காலையில் பத்து நிமிஷம் இஞ்சினை ஓட்டிவிட்டு நிறுத்துவார். அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். குருத்தோலை ஞாயிறு காலை. பேட்டரியைப் பார்க்கப் போயிருந்தேன். கோயில் மணி அடித்தது. அக்கா சொன்னார்:

"ஏங்க, பூண்டி அப்புறமா போவோம். நம்ம கோயிலுக்காச்சும் ஒரு நடை போயிட்டு வந்துருவோமே. நாலு தெருதானே."

"மந்திரிக்காத வண்டியில ஒன்னை ஏத்த மாட்டேன் அமலி. ஆன்டோ வரட்டும். பொறுத்தது பொறுத்த, இன்னும் ஒரு மாசம்."

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நீயாவது சொல்லேன்."

நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சாமி கும்பிடுகிற பழக்கமே கிடையாது, என் அப்பா வைத்த பெயரே அதைச் சொல்லும். அடுத்தவர் கோயில் விஷயத்தில் இவன் யார் மூக்கை நுழைக்க என்று கேட்டுவிடுவாரோ என்று கூச்சப்பட்டேன். "அது உங்க வழக்கம்க்கா, எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அந்த வார்த்தைக்காக இன்றைக்கும் என்னை நானே மன்னிக்கவில்லை.

ஈஸ்டர் போய்ப் பத்தாம் நாள் அக்காவுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. காலையில் அண்ணன் காபி கொண்டுபோனபோது உயிர் இல்லை. ஆன்டோவுக்கு இப்போது மட்டும் லீவு கிடைத்தது. மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான். சவப்பெட்டியை எடுத்துப்போக நாலு பேர் வேண்டியிருந்தது. அதிலும் ஒருவன் நான். தூக்கக் கூடாது என்று சொன்னவரைத்தான் தூக்கிக்கொண்டு அந்தக் காரைத் தாண்டிப் போனோம். அண்ணன் காரைப் பார்க்காமல் நடந்தார்.

ஆன்டோ பதினைந்து நாள் இருந்தான். ஒரு நாள் அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தான். ஆறடி உயரம் அவன், முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். மாதாமாதம் அக்காவுக்கு நன்மை கொண்டுவந்த அதே சாமியார்தான். வாசலில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். காபி குடித்துவிட்டு அவர் காரைச் சுற்றி வந்தார். "அருமையா பண்ணியிருக்கீங்க. எடுத்து ஓட்டலாமே, ஏன் சும்மா நிக்குது?" என்றார்.

அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"ஃபாதர், மந்திரிக்காத வண்டியில ஒரு ஆளை ஏத்துனா அது பாவமுங்களா?"

"பாவமா? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே. யாருங்க சொன்னா?"

"யாரும் சொல்லல."

"மந்திரிக்கணும்னா சொல்லியிருக்கலாமே. தீர்த்தம் எப்பவும் என் பையிலதான் இருக்கும். மாசாமாசம் இந்த வண்டியைத் தாண்டித்தானே உள்ள வந்தேன்? ரெண்டு நிமிஷ வேலை. இப்பவே பண்ணிடவா?"

சாமியார் பையைத் திறந்துவிட்டார். அண்ணன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வேணாம் ஃபாதர். அவ வாயத் தொறந்து கேட்டா. நாலு தெரு தூரம்தான் கேட்டா. நான் மாட்டேன்னுட்டேன்."