ஓட்டுநர் ஷூ வாங்கப் போனார்

பேருந்து ஓட்டுநருக்கு நடப்பது பிடிக்காது. ஊரையே சுமந்துபோய் இறக்கிவிடுகிற ஒருவர் தானும் நடக்க வேண்டும் என்பது அவருக்கு நியாயமாகப் படவில்லை. தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டரில்தான் போவார். கடை மூடியிருந்தால் திரும்பி வந்து, உடம்பெல்லாம் அசதி என்பார்.

மனைவி பள்ளியில் கணக்கு சொல்லித்தருபவள். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் ஒரு கூட்டத்தோடு மலையேறப் போகிறாள். திரும்பி வந்ததும் சாப்பாட்டு மேஜையில் கதை கதையாகச் சொல்வாள்: யார் வழுக்கி விழுந்தார்கள், கூட்டத்தில் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய பல் டாக்டர் மூச்சு வாங்கியபடியே எப்படிப் பேசிக்கொண்டு போனார். ஓட்டுநர் "ம்" கொட்டுவார். போன மாதம் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். கோபமெல்லாம் இல்லை, உப்பு போதுமா என்று மட்டும் கேட்டாள். ஓட்டுநருக்கு "ம்" கொட்டக்கூட எதுவும் இல்லாமல் போனது. இந்த ஞாயிறு, "அடுத்த வாரம் நானும் வர்றேன்" என்று வாய் சொல்லிவிட்டது. கால்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலையேற ஷூ வாங்க மனைவி கூட்டிப்போன கடையில் அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஒன்று கடித்தது, ஒன்று கனத்தது, இன்னொன்றின் நிறம் ஆம்புலன்ஸை நினைவூட்டியது. விற்பனைப் பெண் சலிக்காமல் பெட்டிகளைத் திறந்தாள். அளவு சரியாக இல்லையோ என்று அவள் கேட்டதற்கு மனைவிதான் பதில் சொன்னாள்: "அளவெல்லாம் சரிதாம்மா. வர மனசில்லாததுக்கு ஷூ மேல பழி போடுறாரு."

மாட்டிக்கொண்ட கூச்சத்தில் ஓட்டுநர் அடுத்த ஜோடியை ஒழுங்காகவே போட்டுப் பார்த்தார். மெல்லிய அடி, இலவம்பஞ்சு கனம். முகம் மலர்ந்தது. முக்காலியில் உட்கார்ந்தபடியே இடது காலை அழுத்தி மெதுவாக எடுத்தார். வலது கால் இங்கிருந்து அங்கே தாவி, ஒரு மிதி மிதித்தது.

"கிளட்ச் நல்லா விழுதா?" என்றாள் மனைவி.

"நல்லா விழுது" என்றார் அவர், முழு மனதோடு. சொன்ன பிறகுதான் விற்பனைப் பெண் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது தெரிந்தது.

நடந்து பார்ப்பதற்காகக் கடை மூலையில் கல் பதித்த ஒரு சின்னச் சரிவு இருந்தது. மனைவி அவரை அதில் ஏற்றினாள். ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலை விசாரித்தது. இறங்கும்போது வலது காலை மட்டும் ஊன்றி பிரேக் போட்டார். உடம்பு பாட்டுக்கு முன்னால் போனது. கைப்பிடிக் கம்பி இருந்ததால் மானம் தப்பியது.

கம்பியை விடாமலே, தாழ்ந்த குரலில் சொன்னார்: "மலைக்குப் பயமில்ல. எல்லாரும் மேல போய் நின்னுக்கிட்டு, எப்ப வருவேன்னு என்னையே பாப்பாங்க. அத நெனச்சாத்தான்…" வேலையில் எப்போதும் முதல் இருக்கையில் உட்கார்ந்தே பழகியவர். அவருக்குப் பின்னால்தான் ஊர்.

"என்னைப் பாக்குற மாதிரிதான் உங்களையும் பாப்பாங்க" என்றாள் அவள். "இப்ப வரைக்கும் நான்தான் கடைசி. எனக்கு அங்க பேரே வாலு."

"சொல்லவே இல்லையே நீ?"

"அத மட்டும் சொல்லல. நீங்க வந்தா அந்தப் பேரை உங்களுக்கு விட்டுக் கொடுத்துடுவேன்."

இத்தனை கதை சொன்னவள் அதை மட்டும் மறைத்திருக்கிறாள் என்றதும் ஓட்டுநருக்கு வந்தது வருத்தமல்ல. மனைவி கடைசியாக வருகிறாள் என்று கேட்டு ஒரு கணவன் சந்தோஷப்படுவது வெளியில் சொல்லத் தக்கதல்ல, ஆகவே இருமினார். பிறகு தடித்த அடி வைத்த, முதலில் கனக்கிறது என்று ஒதுக்கிய ஜோடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். சரிவில் இரண்டு தடவை ஏறி இறங்கினார்.

"இதுல ரோடே தெரியல" என்று முனகினார்.

"ரோடு இல்லாத எடத்துக்குத்தான போறோம்."

அந்த ஷூவோடேயே கடையிலிருந்து வெளியே வந்தார்கள். ஞாயிறு போகப்போகும் வழியில் ஓர் ஓடை குறுக்கிடும் என்றும், அதைப் பார்த்ததும் ரேடியோகூட வாயை மூடிக்கொள்வார் என்றும் அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

"பாலம் இருக்கா?"

"இல்ல."

ஓட்டுநர் நடந்தபடியே குனிந்து புது ஷூவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அப்புறம் எப்படித் தாண்டுவீங்க? சொல்லு" என்றார்.